நூல் கடிக்கும் பல்

0.4 மில்லிமீட்டர். மேல் வரிசையில் நடுவே, இடப் பக்கத்து முன்பல்லின் விளிம்பில் இருந்த ஒரு பள்ளத்தின் ஆழம் அது. நாலைந்து தலைமுடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வருகிற கனம். கம்ப்யூட்டர் திரையில் அதைக் கவனித்த பெண்ணுக்கு, பல் யாருடையது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையை அச்சிட முடியாது.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. பல் லேபில் கம்ப்யூட்டரில் பல் வடிவமைக்கிறார். லேபில் இருப்பவர்களும் அங்கே வேலை அனுப்பும் ஏழெட்டு டாக்டர்களும் அவரை மில்லிமீட்டர் என்கிறார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஒருநாள் லேப் போனை எடுத்தவர், "மில்லிமீட்டர்தான் பேசறேன், சொல்லுங்க" என்றார். கிண்டலில் பாதி ருசி அன்றோடு போனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

லேப், ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. இரண்டு பெரிய திரைகள், பிசின் வாடை வீசும் ஒரு அச்சு இயந்திரம், அச்சான பொருளை ஒளியில் இறுக வைக்கும் ஒரு பெட்டி, மெருகு போடும் மேஜை. இயந்திரம் ஓடும்போது ஜன்னலைத் திறக்க வேண்டும். திறந்தால் கீழே மெத்தை அடிக்கும் சத்தம் வரும். மில்லிமீட்டர் வாடையைத் தேர்ந்தெடுத்து ஜன்னலை மூடிவிடுவார். சத்தத்தில் தவறு வரும் என்பது அவர் கட்சி.

வேலை இதுதான். ஒருவருக்கு முன்பல் வேரோடு உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் பல்லைப் பிடுங்கி, புண் ஆற மாதக்கணக்கில் விட்டு, பிறகு தாடை எலும்பில் திருகு போட்டு, அது ஒட்டும்வரை மறுபடி காத்திருந்து, கடைசியில்தான் பல் வரும். இப்போது டாக்டர் ஒரு சின்ன கேமராவை வாய்க்குள் ஓட்டிப் படம் எடுக்கிறார். தாடைக்குத் தனியாக ஒரு முப்பரிமாண எக்ஸ்ரே. இரண்டையும் மில்லிமீட்டருக்கு அனுப்புகிறார். அவர் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, திருகு எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்தில் இறங்க வேண்டும் என்று டாக்டரோடு பேசி முடிவு செய்கிறார். பிறகு இரண்டு பொருள்கள் தயாராகும். ஒன்று கைடு: பற்களின் மேல் தொப்பி மாதிரி உட்காரும் பிசின் துண்டு, நடுவில் ஒரு துளை. டாக்டரின் துளைக்கருவி அந்தத் துளை வழியாகத்தான் போக முடியும். கை நடுங்கினாலும் வழி மாறாது. இன்னொன்று தற்காலிகப் பல். உடைந்த பல் வாயில் இருக்கும்போதே மாற்றுப் பல் டப்பாவில் வந்துவிடும். காலையில் பிடுங்கி, திருகு போட்டு, மத்தியானம் பல்லோடு வீட்டுக்குப் போகலாம்.

இதில் டாக்டர்கள் போர்டில் எழுதாத ஒன்று உண்டு. அந்தப் பல் பார்ப்பதற்கு மட்டும். திருகு எலும்போடு ஒட்டப் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை அந்தப் பல்லில் எதுவும் மோதக் கூடாது, எதுவும் இழுக்கக் கூடாது. இழுத்தால் திருகு அசையும். அசைந்த திருகு ஒட்டாது, கழற்ற வேண்டியதுதான். முன்பக்கத்து எலும்பு முட்டை ஓடு மாதிரி. ஒருமுறை கரைந்தால் அடுத்த திருகுக்கு இடம் இருக்காது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் மில்லிமீட்டர் பதினான்கு வருடம் போட்டோ ஸ்டுடியோவில் இருந்தார். மூடிய கண்ணைத் திறப்பார், பருவை அழிப்பார், சிரிக்காத மாப்பிள்ளையைச் சிரிக்க வைப்பார். எல்லாம் மவுசால். போனே அதையெல்லாம் செய்யத் தொடங்கியதும் ஸ்டுடியோ மூடப்பட்டது. மூன்று மாதம் படித்துவிட்டு இங்கே வந்தார். "முகத்துல கொஞ்சம் தப்பு நடந்தா லைட்டிங்னு சொல்லித் தப்பிச்சுடலாம். பல்லுல முடியாது. நாக்கு கண்டுபிடிச்சிடும்" என்பார்.

டாக்டர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. மங்கலான ஸ்கேனைத் திருப்பி அனுப்புவார். "கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாடி உங்க கைக்கு எட்டலையா, பொறுமைக்கு எட்டலையா?" என்று ஒரு டாக்டருக்குக் குறிப்பு எழுதினார். அந்த டாக்டர் லேபையே மாற்றினார். ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தார். வந்தவரிடம் மில்லிமீட்டர், "போன இடத்துல எத்தனை கழண்டுச்சு?" என்று கேட்டாரே தவிர, வாங்க என்று சொல்லவில்லை.

வீட்டிலும் இதே வாய்தான். புருஷன் லிஃப்ட் மெக்கானிக், சாதுவானவர். அவருடைய அக்காவுக்கும் மில்லிமீட்டருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு கிடையாது. அக்கா தையல்காரர், கடைத்தெருவில் பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருக்கிறார். தெருவே அவரைத் தையலக்கா என்கிறது. வயது ஐம்பத்தொன்று. இரண்டு பேருக்கும் நடுவே செய்தி கொண்டுபோகிற வேலை தம்பிக்கு. "மாடிக்கும் மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஆளுங்களை வெளிய எடுக்கறதுதான் என் வேலை. என்னை எடுக்கத்தான் யாரும் வரமாட்டேங்கறாங்க" என்று அவர் தன்னோடு வேலை செய்பவர்களிடம் சொல்வதுண்டு.

சண்டையின் காரணமும் ஒரு பல்தான். தையலக்காவின் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தர மில்லிமீட்டர் ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனார். தையலக்காவுக்கு வலப்பக்கக் கோரைப்பல் ஒன்று வரிசையை விட்டு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். மில்லிமீட்டர் யாரையும் கேட்காமல் மவுசைப் பிடித்து அதை உள்ளே தள்ளிவிட்டார். படம் வந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். "அட, இப்பதான் அழகா இருக்கா" என்று யாரோ சொல்லித் தொலைத்தார்கள்.

"என் பல்லு உனக்கு என்னடி பண்ணுச்சு?" என்றார் தையலக்கா, எல்லோர் முன்னாலும்.

"நேரா இருந்தா நல்லா இருக்குமேன்னு..."

"இந்தப் பல்லோடதான் ஒருத்தன் என்னைக் கட்டிக்கிட்டான். அவனுக்கில்லாத குறை உனக்கென்ன?"

அடுத்த மாதம் தையலக்கா மில்லிமீட்டருக்குத் தைத்துக் கொடுத்த சட்டை, இடுப்பில் இரண்டு அங்குலம் இறுக்கமாக வந்தது. கேட்டதற்கு, "நேரா இருந்தா நல்லா இருக்கும்னு பிடிச்சுட்டேன்" என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினார். அதோடு பேச்சு நின்றது.

ஒன்பது வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, நோயாளி எண் 2217 என்ற பெயரில் அதே வாய் திரைக்கு வந்தது. கடை ஷட்டரை இழுத்துத் திறக்கும் இரும்புக் கொக்கி நழுவி முகத்தில் அடித்திருக்கிறது. பல் வேரில் முறிந்துவிட்டது. மேல்பகுதியைப் பக்கத்துப் பற்களோடு ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒட்டி நின்ற அந்தப் பல்லின் விளிம்பில்தான் 0.4 மில்லிமீட்டர் பள்ளம். எதிரே கீழ்ப்பல்லில் அதற்கு ஈடான தேய்மானம் எதுவும் இல்லை. பல்லும் பல்லும் உரசி வந்த பள்ளம் இல்லை அது. வேறு ஏதோ ஒன்று தினமும் ஒரே இடத்தில் அறுத்திருக்கிறது. மில்லிமீட்டர் வாயைத் திருப்பி வலப்பக்கம் பார்த்தார். கோரைப்பல் துருத்திக்கொண்டு நின்றது. தான் ஒருமுறை உள்ளே தள்ளிய பல்.

உடனே டாக்டருக்குப் போன் போட்டார். 'ஒரே நாளில் பல்' என்று வாசலில் ஆளுயரப் பலகை வைத்திருக்கும் டாக்டர்.

"இந்த 2217க்கு அன்னிக்கே பல்லு வேண்டாம் டாக்டர். திருகை மட்டும் போட்டு மூடிடுங்க. கழட்டி மாட்டற பல்லு ஒண்ணு தரேன், மூணு மாசம் ஓட்டட்டும்."

"ஏன்? எலும்பு நல்லாத்தானே இருக்கு?"

"எலும்பு நல்லா இருக்கு. ஆள் நூல் கடிக்கற ஆள். அந்தப் பல்லாலதான் கடிச்சு இழுக்கறது. புதுப் பல்லுலயும் அதைத்தான் செய்யும்."

"தையல் வேலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பேர்கூட போடலையே?"

"பேர் எதுக்கு, பல்லு இருக்கே. அது என் நாத்தனார்."

மறுமுனையில் டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் கெட்டது. அன்று மாலை நோயாளியிடம், நீங்கள் நூலைப் பல்லால் கடிப்பதுண்டா என்று கேட்டார்.

"நான் என்ன எலியா? கத்தரிக்கோல் எதுக்கு இருக்கு?" என்றார் தையலக்கா. அவர் பொய் சொல்லவில்லை. முப்பது வருடமாகச் செய்வது அவருக்கே தெரியாது. "யார் சொன்னது இதை?"

டாக்டர் சொல்லக் கூடாததைச் சொன்னார்.

"அவளா? என் தம்பி பொண்டாட்டியா? நான் பொக்கை வாயோட மூணு மாசம் கடையில நிக்கணும், எதிர்க்கடைக்காரன் பாத்துச் சிரிக்கணும். அதானே அவளுக்கு வேணும்? பள்ளிக்கூடம் திறக்கற நேரம். அளவு எடுக்க வர்றவங்க முகத்தைப் பாத்துப் பேச வேணாமா நான்? கழட்டி மாட்டற பல்லெல்லாம் அவளே மாட்டிக்கட்டும். எனக்கு அன்னிக்கே பல்லு வேணும். பழைய பல்லு எப்படி இருந்துச்சோ அப்படியே."

லேப் முதலாளி மில்லிமீட்டரைக் கூப்பிட்டார். டாக்டர்களை இழக்கப் பயந்தே தலைமுடியை இழந்தவர் அவர்.

"ஏம்மா, இது பல்லைப் பத்தின சண்டையா, பழைய சண்டைக்கு ஒரு பல்லா?"

"ரெண்டும்தான் சார். ஆனா பள்ளம் நிஜம்."

"டாக்டருக்கு இல்லாத அக்கறை உனக்கு எதுக்கு? உனக்குப் பிடிக்கலைன்னா விடு. மத்தியான ஷிஃப்ட்ல வர்றவர் செஞ்சுடுவார்."

மத்தியான ஷிஃப்டுக்காரர் கெட்டவர் இல்லை, வேகமானவர். சாஃப்ட்வேரில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வாயில் இருக்கும் பல்லை அப்படியே நகல் எடுத்துப் புதுப் பல்லாக்கிவிடும். டாக்டர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதுதான் பிடிக்கும். தங்கள் பல் தங்களுக்கே திரும்பி வருகிறது இல்லையா. அவர் பொத்தானை அழுத்தி, திருகுக்குத் துளை விட்டு, ஃபைலை மூடிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மில்லிமீட்டர் அந்த ஃபைலைத் திறந்து பார்த்தார். புதுப் பல்லின் விளிம்பில் பள்ளம் இருந்தது. 0.4 மில்லிமீட்டர், ஒரு முடி கூடுதல் குறைவில்லாமல்.

"ஐயோ, இதையும் சேர்த்தா காப்பி அடிப்பாங்க?" என்று அவர் போட்ட கூச்சலில் கீழே மெத்தை அடிக்கிற சத்தம் ஒரு நொடி நின்றது. "நூலுக்கு வாசல் வெச்சுக் குடுத்திருக்காரு மனுஷன்!"

வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பள்ளத்தை அடைத்தார். அதோடு நிற்கவில்லை. பல்லின் நீளத்தில் ஒரு மில்லிமீட்டரை வெட்டினார். வாய் மூடினால் கீழ்ப்பல் எட்டாது. நடுவில் நூல் வந்தால் பிடிமானம் கிடைக்காது, வழுக்கிக்கொண்டு போகும். டாக்டருக்கு அனுப்பிய குறிப்பில் இரண்டு மாற்றங்களையும் தெளிவாக எழுதினார்: பள்ளம் அடைக்கப்பட்டது, நீளம் ஒரு மில்லிமீட்டர் குறைக்கப்பட்டது, பார்த்துச் சம்மதம் தரவும். டாக்டர் போனில் பார்த்தார். குறிப்பு வந்ததற்கும் 'சம்மதம்' வந்ததற்கும் இடையே ஒன்பது நொடி. மில்லிமீட்டர் அந்த நேரத்தைத் திரையோடு படம் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

அந்த ஒரு மில்லிமீட்டரை வெட்டும்போது சந்தோஷமாக இருந்ததா என்று புருஷன் பிறகு கேட்டார். "இருந்துச்சு. அதுக்காகத் தப்பா வெட்டலை" என்றார்.

இப்படிப்பட்ட சிகிச்சையில் லேப் ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திருகு இறங்கிய பிறகு பல்லை அதன் தண்டோடு ஒட்டி, பிசிறு எடுத்து, மெருகு போட்டுக் கொடுப்பது அவர் வேலை. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு மில்லிமீட்டர் பையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குள் நுழைந்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த தையலக்கா பார்த்தார்.

"இவ எதுக்கு இங்க?"

"உங்களைப் பாக்க வரலை அண்ணி. பல்லைப் பாக்க வந்தேன்."

"டாக்டர், இவளை வெளிய நிக்கச் சொல்லுங்க."

"வெளிய நின்னா பல்லும் வெளியதான் நிக்கும்" என்றார் மில்லிமீட்டர்.

டாக்டர் அவசரமாக மரத்துப்போகும் ஊசியைப் போட்டார். கிளினிக்கில் அமைதி வர அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

உடைந்த பல் பெரிய தகராறு இல்லாமல் கழன்று வந்தது. கைடை மாட்டினார்கள். அதில் மூன்று சின்ன ஜன்னல்கள் வைத்திருப்பார்கள். பல்லின் நுனி ஜன்னலில் இடைவெளியே இல்லாமல் ஒட்டித் தெரிந்தால்தான் கைடு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மில்லிமீட்டர் குனிந்து மூன்றையும் பார்த்தார். நாத்தனார்கள் இரண்டு பேரும் ஒன்பது வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. கீழே இருந்த கண்கள் அசையாமல் முறைத்தன.

"வலப்பக்கம் ஒரு முடி தூக்கி இருக்கு டாக்டர். அமுக்குங்க. இன்னும். ம், போதும்." பிறகு கீழே பார்த்து, "நல்லா முறைங்க அண்ணி. வாயால திட்ட முடியாதுல்ல, முறைப்பாவது நடக்கட்டும்" என்றார்.

தையலக்காவின் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. உதவிக்கு நின்ற நர்ஸ், உறிஞ்சு குழாயை அங்கே வைத்து அதை உறிஞ்சினார்.

"ஒன்பது வருஷம். நான் பேசறதை இன்னிக்குத்தான் முழுசாக் கேக்கறீங்க" என்றார் மில்லிமீட்டர். "அந்தப் போட்டோல உங்களைக் கேக்காம கை வெச்சது தப்புதான். ஆனா அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு நான் ஒரு கல்யாணத்துல நாலு மணி நேரம் மூச்சு விடாம நின்னேன். கணக்கு சரியாப் போச்சு."

கண்கள் முறைப்பதை நிறுத்தவில்லை.

டாக்டர் துளை போட்டுத் திருகை இறக்கினார். அடுத்தது முக்கியமான இடம். திருகு எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்பதை ஒரு சாவியால் அளப்பார்கள். சாவியின் கைப்பிடியில் எண்கள் இருக்கும். முப்பத்தைந்து வந்தால் அன்றைக்கே பல். வராவிட்டால் மூடிவிட்டு, கழற்றி மாட்டும் பல்லோடு அனுப்ப வேண்டியதுதான். தையலக்காவுக்கும் இது சொல்லப்பட்டிருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். டாக்டர் மெதுவாகத் திருப்பினார். இருபது. இருபத்தெட்டு. முப்பத்திரண்டில் சற்று நின்றது. முப்பத்தேழு.

"வந்துடுச்சு" என்றார் டாக்டர்.

மில்லிமீட்டர் மெருகு போடும் கருவியை எடுத்தார். இருபது நிமிடத்தில் பல் திருகின் மேல் ஏறியது. கலர் சரி, அகலம் சரி, ஈறு சரி. நர்ஸ் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார்.

தையலக்கா பார்த்தார். உதடு மரத்திருந்ததால் பேச்சு குழறியது. ஆனால் கோபத்துக்கு மரப்பு ஊசி இல்லை.

"குட்டையா இருக்கு!"

"ஒரு மில்லிமீட்டர்தான்" என்றார் மில்லிமீட்டர்.

"மறுபடியும் என் பல்லை மாத்திட்டா! டாக்டர், நான் என்ன சொன்னேன்? அப்படியே வேணும்னு சொன்னேனா இல்லையா? என்னைக் கேக்காம என் வாயில கை வெக்கறதே இவளுக்குப் பொழப்பாப் போச்சு!"

டாக்டர் மில்லிமீட்டரைப் பார்த்தார். "குறைச்சீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

மில்லிமீட்டர் போனை எடுத்து, திரைப் படத்தைக் காட்டினார். ஒன்பது நொடி. டாக்டர் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டார்.

"சரி, விடுங்க. பல் அடைக்கற கலவை கொஞ்சம் வெச்சு நீட்டிடலாம். அஞ்சு நிமிஷ வேலை. அவங்க சந்தோஷமாப் போகட்டும்."

"நீட்டுங்க. நீட்டறதுக்கு முன்னாடி ஃபைல்ல இருந்து என் பேரை எடுத்துடுங்க. திருகு கழண்டு வரும்போது அது உங்க பேர்ல வரட்டும்."

"கழண்டு வரணும்னுதான்டி நீ வேண்டிக்கற!" தையலக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மில்லிமீட்டர் கருவிகளைப் பையில் போடத் தொடங்கினார். தையலக்கா அவர் கையை எட்டிப் பிடித்தார். "எங்க போற? பதில் சொல்லிட்டுப் போ! என் வாய், என் பல்லு, நான் நூல் கடிக்கிறேன்னு ஊரெல்லாம்..."

பேச்சு நின்றது. மில்லிமீட்டரின் வெள்ளைக் கோட்டில், மணிக்கட்டுப் பக்கம் தையல் விட்டு, ஒரு விரல் நீளத்துக்கு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. தையலக்காவின் கண் அதில் விழுந்தது. சண்டையின் நடுவில், பிடித்த கையை விடாமல், இன்னொரு கையால் நூலை முறுக்கி இழுத்து, தலையைக் குனிந்து, வாயில் வைத்துக் கடித்தார்.

நூல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

மறுபடி வைத்துக் கடித்தார். மறுபடி வழுக்கியது. எச்சில் பட்ட நூல் புதுப் பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே எதிலும் மாட்டாமல் சும்மா போய் வந்தது.

"கடிக்காதீங்க!" என்று டாக்டர் கத்தியபோதுதான் தையலக்கா நிமிர்ந்தார். கையில் நூல். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்பது வருடமாக இப்படி ஒரு நிமிடத்துக்குக் காத்திருந்தவர் மில்லிமீட்டர். சொல்ல எத்தனையோ இருந்தது. "நீட்டணுமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் கலவை டப்பாவை மூடினார்.

தையலக்கா நர்ஸிடம் கையை நீட்டினார். "கத்தரிக்கோல் குடும்மா."

தையல் பிரிக்கும் சின்னக் கத்தரிக்கோல் வந்தது. மில்லிமீட்டரின் கையைத் திருப்பி, நூலை அடியோடு நறுக்கினார். தையலைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கேவலமான தையல்" என்றார். "எவ தச்சா இதை? ஒரு மாசம் தாங்காது."

"அதைப் பன்னண்டு வாரம் கழிச்சுப் பேசுவோம் அண்ணி. எது தாங்குதுன்னு பாப்போம்."

"வாய மூடு."

இதற்குப் பிறகு இரண்டு பேரும் சமாதானம் ஆகவில்லை. பேச்சு தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பேச்சு எல்லாம் திட்டு. தையலக்கா கடையில் அளவு நாடாவோடு ஒரு கத்தரிக்கோலும் இப்போது கழுத்தில் தொங்குகிறது. முதல் வாரம் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது நூல் வாய்க்குப் போய் வழுக்கி வந்ததாகத் தம்பியிடம் ஒத்துக்கொண்டார். அதை வீட்டில் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினார். தம்பி அன்று மாலையே சொல்லிவிட்டார். மில்லிமீட்டர் நோயாளி எண் 2217இன் குறிப்பில் அதைச் சேர்த்தார்: 'ஒரு நாளைக்கு முப்பது'. எதிர்க்கடைக்காரர் பல் குட்டையாக இருப்பதைப் பற்றி ஏதோ சொல்லப்போய், தையலக்காவிடம் முழுத் தெருவும் கேட்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆறாவது வாரம் டாக்டர் திருகைத் தட்டிப் பார்த்து எக்ஸ்ரே எடுத்தார். அசைவு இல்லை, எலும்பும் கரையவில்லை. டாக்டர் இப்போது குறிப்புகளைப் படித்துவிட்டுச் சம்மதம் தருகிறார். சராசரி நாற்பது நொடி ஆகிறதாம். மில்லிமீட்டர் குறித்து வைத்திருக்கிறார்.

நிரந்தரப் பல்லுக்கு ஆர்டர் எழுதும்போது, வேறு ஆளை வைத்துச் செய்யச் சொல்லவா என்று டாக்டர் தையலக்காவிடம் கேட்டார்.

"எதுக்கு? அவளே செய்யட்டும். ஆனா அவ செய்யறப்ப நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். இந்தத் தடவை என்னைக் கேக்காம அந்த மவுஸ் நகரக் கூடாது. நீளம் முழுசா வேணும். கோரைப்பல்லைத் தொட்டா கையை ஒடிச்சுடுவேன்."

செய்தியைத் தம்பிதான் கொண்டுவந்தார். "வரட்டும்" என்றார் மில்லிமீட்டர். "நீளம் தரேன். பள்ளம் தரமாட்டேன்னு சொல்லுங்க."

"அதை நீயே சொல்லேன்" என்றார் அவர். "நேர்லதான் வர்றாளே."

வரும் வியாழக்கிழமையோடு பன்னிரண்டு வாரம் முடிகிறது. காலை பத்து மணிக்குக் கிளினிக்கில் ஸ்கேன். பதினொன்றரைக்குத் தையலக்கா மெத்தைக் கடை மாடிக்கு ஏறி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நடுவில் மாட்டிக்கொள்ளத் தம்பிக்கு இடமும் கிடையாது.